மெட்டாரைசியம், பியூவேரியா: ஐ.டி.எஸ் ஒன்றை வைத்துச் சிற்றினம் சொல்ல முடியுமா?

மூக்குவண்டு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நோய் கண்டு செத்த பூச்சிகளிலிருந்து பிரித்த 11 பூஞ்சை ஐசோலேட்டுகளுக்கு (தனியாகப் பிரித்து வளர்த்த மாதிரிகளுக்கு) சரியான பெயர் தேவைப்படுகிறது.

பச்சை வித்து உள்ளவை 6. எல்லாமே எருக்குழியில் கிடைத்த காண்டாமிருக வண்டுப் புழுக்களிலிருந்து வந்தவை. ஐந்தில் வித்தின் நீளம் 5 முதல் 7 மைக்ரான். ஒன்றில் மட்டும் 11 முதல் 13 மைக்ரான்.

வெள்ளை மாவு பூத்தாற்போல் வளர்பவை 3. ஒன்று பட்டுப்புழு, மற்ற இரண்டும் கத்தரியில் இலையைக் கடிக்கும் சாம்பல் மூக்கு வண்டு.

இளஞ்சிவப்புச் சாயலோடு மெல்லியதாகப் படர்பவை 2. தென்னை ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயிலிருந்து.

எல்லாவற்றுக்கும் ஐ.டி.எஸ் (பூஞ்சைகளை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கும் டி.என்.ஏ பகுதி) வரிசை எடுத்து பிளாஸ்டில் (பொதுத் தரவுத்தளத்தில் ஒத்த வரிசைகளைத் தேடும் கருவி) போட்டாயிற்று. பச்சையில் ஐந்துக்கு மெட்டாரைசியத்தின் அனிசோப்ளியே, ராபர்ட்சியை, பிங்ஷான்சே, புருன்னியம் நான்குமே 99.6 முதல் 100 சதம் ஒத்துப்போகின்றன. நீள வித்துள்ளதற்கு மேஜஸும் குய்சோவென்சேயும் வருகின்றன. வெள்ளை மூன்றும் பியூவேரியா பாஸியானா என்கின்றன. வெள்ளை ஈயிலிருந்து வந்த இரண்டுக்கும் ஐசேரியா ஃபுமோசோரோசியா, கார்டிசெப்ஸ் ஃபுமோசோரோசியா, கார்டிசெப்ஸ் ஜாவானிக்கா என மூன்று பெயர்கள் கலந்து வருகின்றன.

பட்டியலில் முதலில் நிற்கும் பெயரை எடுத்துக்கொள்ளலாமா? இல்லையென்றால் எந்த ஜீன்கள், எந்த பிரைமர்கள் (பி.சி.ஆரில் வேண்டிய பகுதியைப் பெருக்க உதவும் சிறு டி.என்.ஏ துண்டுகள்), எந்த முறை?

---

கிளைநுனி

முதல் பெயரை எடுக்காதீர்கள். பிளாஸ்ட் பட்டியலின் உச்சியில் நிற்பது உங்கள் பூஞ்சைக்கு மிக நெருங்கிய உறவு என்று அர்த்தமில்லை. 100 சதம் ஒத்த பத்து வரிசைகளில் எது மேலே வரும் என்பது அவற்றின் நீளத்தையும் பதிவேற்றியவர் எவ்வளவு வெட்டி ஒழுங்கு செய்தார் என்பதையும் பொறுத்தது. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த வரிசைக்குப் பெயர் வைத்தவரே இன்னொரு பிளாஸ்ட் பட்டியலைப் பார்த்து வைத்திருக்கலாம். தப்பு அப்படித்தான் பரம்பரையாக வருகிறது.

ஐ.டி.எஸ் ஏன் கைவிடுகிறது என்றால், மெட்டாரைசியத்தில் இந்தச் சிற்றினங்கள் பிரிந்து அதிகக் காலம் ஆகவில்லை. ஐ.டி.எஸ் மாறும் வேகம் அந்தப் பிரிவைப் பதிவு செய்யப் போதாது. 2000-ல் ஐ.டி.எஸ்ஸை வைத்து மெட்டாரைசியத்தை வகைகளாகப் பிரித்தார்கள். 2009-ல் பிஷாஃப், ரேனர், ஹம்பர் மூவரும் டி.இ.எஃப், ஆர்.பி.பி-1, ஆர்.பி.பி-2, பீட்டா ட்யூபுலின் ஆகிய ஜீன்களைச் சேர்த்து உறவு மரம் வரைந்தபோதுதான், அதுவரை அனிசோப்ளியே என்று ஒரே பெயரில் கிடந்தது 9 சிற்றினங்களாக விரிந்தது: அனிசோப்ளியே, ராபர்ட்சியை, பிங்ஷான்சே, புருன்னியம், மேஜஸ், குய்சோவென்சே, அக்ரிடம், லெபிடியோட்டே, குளோபோசம். உங்கள் ஐந்தோடு ஒத்துப்போகும் நான்கும் மரத்தில் ஒரே கொத்தில் இருப்பவை. அந்த நான்கையும் நுண்ணோக்கியில் பார்த்தும் பிரிக்க முடியாது, ஐ.டி.எஸ்ஸை வைத்தும் பிரிக்க முடியாது.

நீள வித்து உள்ளதற்கு மட்டும் வித்தே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. 10 முதல் 14 மைக்ரான் என்றால் மேஜஸ். காண்டாமிருக வண்டில் அது வழக்கமாகக் காணப்படுவதுதான். குய்சோவென்சேயின் வித்து அவ்வளவு நீளம் போகாது. ஆனாலும் டி.இ.எஃப் எடுத்து உறுதி செய்யுங்கள்.

இனி ஜீன் தேர்வு. இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு, அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். டி.இ.எஃப் ஒரே ஜீன்தான், ஆனால் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் துண்டுகள் இரண்டு. முன்பாதித் துண்டில் இன்ட்ரான்கள் (புரதமாக மாறாத இடைப்பகுதிகள்) நிறைய, அதனால் வேறுபாடும் நிறைய. ஈ.எஃப்-1டி, ஈ.எஃப்-2டி பிரைமர்கள் அதை எடுக்கும், நீளம் ஏறக்குறைய 700 காரஇணை (டி.என்.ஏவின் எழுத்து ஜோடி). மெட்டாரைசியத்தின் நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்க இந்தத் துண்டுதான் வேண்டும். பின்பாதித் துண்டை 983-எஃப், 2218-ஆர் பிரைமர்கள் எடுக்கும், ஏறக்குறைய 1,000 காரஇணை. அது பெரும்பாலும் புரதத்துக்கான பகுதி, மெதுவாக மாறும். பியூவேரியாவுக்கும் கார்டிசெப்ஸ் உறவினருக்கும் ஒப்பிட இருக்கும் வரிசைகளில் அதிகம் இந்தத் துண்டில்தான் உள்ளன.

பச்சை ஐசோலேட்டுக்குப் பின்பாதியை எடுத்துவிட்டு முன்பாதி வரிசைகளோடு அலைன்மென்ட் (எழுத்துக்கு எழுத்து பொருத்தி அடுக்குவது) செய்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழாது. மென்பொருள் குறை சொல்லாமல் இடைவெளிக் கோடுகளை நிரப்பி ஒரு மரத்தைக் கொடுத்துவிடும். அந்த மரத்துக்கு எந்தப் பொருளும் இல்லை.

என் பரிந்துரை: பச்சைக்கு டி.இ.எஃப் முன்பாதியோடு பீட்டா ட்யூபுலின், முடிந்தால் ஆர்.பி.பி-1. வெள்ளைக்கு டி.இ.எஃப் பின்பாதியோடு பிளாக் பகுதி (ஜீன்களுக்கு இடையே உள்ள ஒரு துண்டு). வெள்ளை ஈ ஐசோலேட்டுகளுக்கு டி.இ.எஃப் பின்பாதி, ஆர்.பி.பி-1, பீட்டா ட்யூபுலின்.

---

வித்துத்தட்டு

கிளைநுனி சொன்ன ஜீன்கள் சரி. ஆனால் பி.சி.ஆருக்குப் போகும் முன் ஒரு கேள்வி: 11 ஐசோலேட்டுகளுமே ஒற்றை வித்திலிருந்து வளர்த்தவையா? செத்த பூச்சியிலிருந்து நேரே தட்டில் தேய்த்தது என்றால் நிறுத்திவிட்டு அதை முதலில் செய்யுங்கள். ஒரே பிணத்தில் இரண்டு சிற்றினங்கள் இருப்பது அரிதல்ல. மேலே ஃப்யூசேரியமும் ஆஸ்பெர்ஜில்லஸும் ஏறியிருக்கும். வெள்ளைத் தட்டுகளில் சிம்ப்ளிசிலியம் என்ற வேறொரு பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும்.

ஒற்றை வித்துப் பிரிப்பு: 10 நாள் தட்டிலிருந்து வித்தைச் சுரண்டி 0.05 சத ட்வீன்-80 கலந்த நீரில் குலுக்குங்கள். மெட்டாரைசியம், பியூவேரியா வித்துகள் நீரை ஒட்டாதவை, ட்வீன் இல்லாமல் உருண்டு திரண்டு மிதக்கும். நாம் ஒரு வித்து என்று எடுப்பது இருபது வித்துகளின் கட்டியாக இருக்கும். மில்லிக்கு 1,000 வித்து வரும்வரை நீர்த்து, 100 மைக்ரோலிட்டரை நீர் அகாரில் பரப்புங்கள். 18 முதல் 24 மணி நேரத்தில் முளைத்த தனி வித்தை நுண்ணோக்கியின் கீழ் அகாரோடு வெட்டி எடுத்துப் புதிய தட்டுக்கு மாற்றுங்கள். ஒரு ஐசோலேட்டுக்கு மூன்று.

டி.என்.ஏவுக்குப் பச்சை வித்துப் படலத்தைச் சுரண்டி எடுக்கக் கூடாது. வித்தின் நிறமி டி.என்.ஏவோடு சேர்ந்து வந்து பாலிமரேஸை முடக்கும். திரவ ஊடகத்தில் 3 முதல் 4 நாள் வளர்த்து, வித்து கட்டும் முன் பூசணத்தை வடிகட்டி, மலட்டு நீரில் கழுவி, ஒற்றி எடுத்து அரைக்க வேண்டும். பியூவேரியா சில சமயம் ஊடகத்தைச் சிவப்பாக்கும், அது ஊஸ்போரீன். கழுவுவதை இரண்டு முறையாக்கிக்கொள்ளுங்கள்.

டி.என்.ஏ பிரிக்க சி.டாப் முறை போதும்: 2 சத சி.டாப், 1.4 மோலார் உப்பு, 20 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ, 100 மில்லிமோலார் ட்ரிஸ், பி.எச் 8. 100 மில்லிகிராம் பூசணத்துக்கு 600 மைக்ரோலிட்டர். 65 டிகிரியில் ஒரு மணி நேரம். குளோரோஃபார்ம், ஐசோஅமைல் ஆல்கஹால் 24:1 விகிதத்தில், இருமுறை. பிறகு ஆர்.என்.ஏ நீக்கி, ஐசோப்ரோப்பனாலில் வீழ்த்தி, 70 சத எத்தனாலில் கழுவி உலர்த்துங்கள். கரைசல் பிசுபிசுப்பாக இருந்தால் சர்க்கரைப் பொருள் மிச்சம் இருக்கிறது. 10 மடங்கு நீர்த்துப் பாருங்கள். நீர்த்த பிறகு பி.சி.ஆர் வேலை செய்தால் டி.என்.ஏ குறைவாக இருந்தது காரணமில்லை, தடைப்பொருள்தான் காரணம்.

பி.சி.ஆர் 25 மைக்ரோலிட்டர்: டி.என்.ஏ 10 முதல் 20 நானோகிராம், பிரைமர் ஒவ்வொன்றும் 0.4 மைக்ரோமோலார், மக்னீசியம் 2 மில்லிமோலார். டி.இ.எஃப் பின்பாதிக்கு டச்டவுன் வைத்துக்கொள்ளுங்கள்: ஒட்டு வெப்பநிலை 66-ல் தொடங்கி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டிகிரி இறக்கி 56 வரை, பிறகு 56-லேயே 35 சுற்று. இந்த பிரைமர்கள் பல எழுத்து வடிவங்களின் கலவை. 56-லேயே தொடங்கினால் வேண்டாத இடத்தில் ஒட்டி இரட்டைப் பட்டை வரும்.

பிளாக் பகுதி பி-5.1எஃப், பி-3.1ஆர் பிரைமர்களில் ஏறக்குறைய 1,500 காரஇணை. வழக்கமாக வரிசை படிக்கும் சாங்கர் முறையில் ஒரு முனையிலிருந்து 700 முதல் 800 வரைதான் நம்பிப் படிக்கலாம். இரு முனையிலிருந்தும் படித்தாலும் நடுவில் மேல்படிவு மிகக் குறைவாக வரும். அப்போது பி-22யூ, பி-822எல் ஜோடியால் குறுகிய துண்டாக எடுங்கள், தெளிவாக வரும்.

எல்லாத் துண்டையும் இரு திசையிலும் படிக்கச் சொல்லுங்கள். ஒரு திசை போதும் என்று மிச்சப்படுத்தும் பணம், சிற்றினத்தைத் தீர்மானிக்கும் மூன்று எழுத்துகளில் சந்தேகமாகத் திரும்பி வரும்.

---

மூக்குவண்டு

இருவருக்கும் மிக்க நன்றி. ஒற்றை வித்து எடுத்தது பச்சைக்கு மட்டும்தான், மற்ற ஐந்துக்கும் இனி செய்ய வேண்டும். இரண்டு ஐயங்கள். முன்பு வெள்ளை ஈயைப் பூஞ்சையோடு சேர்த்தே அரைத்து எடுத்த டி.என்.ஏவில் 983-எஃப் பி.சி.ஆர் போட்டதில் இரண்டு பட்டைகள். அதில் ஒன்றை வெட்டி எடுத்துப் பயன்படுத்தலாமா? அடுத்தது, ஐசேரியா, கார்டிசெப்ஸ் இரண்டும் ஒன்றா, வேறா? கார்டிசெப்ஸ் என்றால் கம்பளிப்புழுவின் மேல் கொம்புபோல் முளைப்பது என்றுதான் படித்திருக்கிறேன்.

---

வித்துத்தட்டு

வெட்டி எடுக்க வேண்டாம். டி.இ.எஃப் பூச்சிக்கும் உண்டு. பிரைமர் பல வடிவங்களின் கலவை என்பதால் வெள்ளை ஈயின் ஜீனும் பெருகியிருக்கலாம். ஒற்றை வித்து வளர்ப்பிலிருந்து புதிதாக எடுங்கள்.

---

பழம்பெயர்

பெயர்க் குழப்பத்துக்கு விடை சொல்ல முயல்கிறேன், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பூஞ்சைகளில் ஒரே உயிருக்கு இரண்டு பெயர் வைக்கும் வழக்கம் நீண்ட காலம் சட்டப்படியே இருந்தது. பால்வழி வித்து கட்டும் நிலைக்கு ஒரு பெயர், பாலிலா நிலைக்கு இன்னொரு பெயர். கொம்புபோல் முளைக்கும் நிலை கார்டிசெப்ஸ். அதே பூஞ்சை தட்டில் வெறும் மாவாக வளர்ந்தால் ஐசேரியா, பெசிலோமைசெஸ், லெக்கானிசிலியம், பியூவேரியா. 2011-ல் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாடு இந்த இரட்டைப் பெயர் ஏற்பாட்டை முடித்து வைத்தது. ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர். எது மிஞ்சுவது என்பதை ஒவ்வொரு பேரினத்துக்கும் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியதாயிற்று.

அதற்குள் மரமும் மாறியிருந்தது. 2007-ல் சுங்கும் உடன் பணியாற்றியவர்களும் பல ஜீன்களை வைத்துக் காட்டியது: பழைய கார்டிசெப்ஸ் ஒரே வம்சமே அல்ல. அது மூன்று குடும்பங்களில் சிதறிக் கிடந்தது. கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸும் பியூவேரியாவும் ஒரு குடும்பம். இமயமலையில் யார்சா கும்பா என்று தோண்டி எடுப்பது இன்னொரு குடும்பத்துக்குப் போய் ஒஃபியோகார்டிசெப்ஸ் சைனென்சிஸ் ஆனது. எறும்பின் நடத்தையை மாற்றி இலையைக் கவ்வ வைக்கும் பூஞ்சைகளும் அந்தப் பக்கம்தான். மூன்றாவது குடும்பத்தில் மெட்டாரைசியம். கம்பில் தேனொழுகல் நோயை உண்டாக்கும் கிளாவிசெப்ஸும், புல்லின் உடலுக்குள்ளேயே வாழும் எபிக்ளோயியும் அதே குடும்பம். பியூவேரியாவுக்கும் மெட்டாரைசியத்துக்கும் இருப்பதைவிட, மெட்டாரைசியத்துக்கும் கம்பங்கதிர்ப் பூஞ்சைக்கும் இருக்கும் உறவு நெருக்கமானது. பூச்சியைக் கொல்வது ஒரு தொழில். பல வம்சங்கள் தனித்தனியாக அதற்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அசுவினிகளை அழிக்கும் எண்டமோஃப்தோராக் கூட்டம் இவற்றோடு சேராத வேறு தொகுதி. கொல்லும் வேலையையோ நிறத்தையோ பார்த்து உறவு சொல்ல முடியாததற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

2017-ல் கெப்ளரும் குழுவும் கார்டிசெப்ஸ் குடும்பத்தை ஒழுங்குபடுத்தினார்கள். ஐசேரியா பெயர் விலக்கப்பட்டது. ஃபுமோசோரோசியா, ஜாவானிக்கா, ஃபாரினோசா மூன்றும் கார்டிசெப்ஸில் சேர்ந்தன. விவசாயிகள் வெர்டிசிலியம் லெகானி என்று வாங்குவது 2001-ல் லெக்கானிசிலியம் ஆகி, 2017-ல் அக்காந்தோமைசெஸ் ஆனது. நொமுரேயா ரிலேயி 2014-ல் மெட்டாரைசியத்துக்குள் வந்தது. மக்காச்சோளப் படைப்புழுவில் பச்சையாகப் படர்வது அதுதான்.

ஆக உங்கள் பட்டியலில் வந்த முதல் இரண்டும் ஒன்றே. மூன்றாவதான ஜாவானிக்கா வேறு சிற்றினம், இதில் கவனம் தேவை. வெள்ளை ஈக்கு எதிராக உலகெங்கும் பேசப்படும் அபோப்கா-97 என்ற ரகம் நெடுங்காலம் ஃபுமோசோரோசியா என்றே விற்கப்பட்டது. இப்போது அதை ஜாவானிக்கா என்கிறார்கள். 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் ரூகோஸ் வெள்ளை ஈ தென்பட்ட பிறகு இங்கேயும் இந்தப் பெயர்கள் நிறையப் புழங்குகின்றன. டி.இ.எஃப், பீட்டா ட்யூபுலின் இல்லாமல் எந்தப் பக்கமும் சாயாதீர்கள்.

பெயரை ஒட்ட வைக்கும் பசை மூல மாதிரிதான், அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாகக் குறித்து வைத்த மாதிரி. மரத்தில் உங்கள் ஐசோலேட் எந்தக் கிளையில் உட்கார்ந்தாலும், அந்தக் கிளையில் மூல மாதிரியின் வரிசை இருந்தால்தான் பெயர் உறுதி. பிளாஸ்டில் மூல மாதிரிகளின் வரிசைகளை மட்டும் தேடும் தெரிவு உண்டு, அதைச் சொடுக்கிவிட்டுத் தேடுங்கள். நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்காவில் உள்ள ஆர்செஃப் என்ற பூச்சிப் பூஞ்சைச் சேமிப்பின் எண்கள் கைகொடுக்கும்: பியூவேரியா பாஸியானாவுக்கு ஆர்செஃப் 1564, மெட்டாரைசியம் அனிசோப்ளியேவுக்கு 7487, அக்ரிடத்துக்கு 7486, புருன்னியத்துக்கு 2107. 2009-ம் ஆண்டுக்கு முந்தைய வரிசையில் அனிசோப்ளியே என்று எழுதியிருந்தால் அதை 'அந்தக் கொத்தில் ஏதோ ஒன்று' என்றே படியுங்கள். 2011-ல் முழு மரபணுத் தொகுதி வெளியான ஆர்செஃப் 23-கூட அனிசோப்ளியே என்ற பெயரில்தான் வந்தது. அது ராபர்ட்சியை.

---

கிளைநுனி

பழம்பெயருக்கு நன்றி. மரம் வரையும் பகுதியைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒவ்வொரு ஜீனுக்கும் தனித்தனியாக மாஃப்ட் மென்பொருளில் அலைன்மென்ட் செய்யுங்கள். முதலில் எல்லா வரிசையும் ஒரே திசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தலைகீழாகக் கிடக்கும் ஒன்று மரத்தில் மிக நீண்ட கிளையாக நீட்டிக்கொண்டு நிற்கும், புதுச் சிற்றினம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். அலைன்மென்டைக் கண்ணால் பாருங்கள். புரதப் பகுதியில் ஓரெழுத்து இடைவெளி வந்தால் ஏறக்குறைய எப்போதும் அது வரிசை படித்ததில் வந்த தவறு. வரிசை படித்த கருவி தந்த மூல அலைக்கோட்டுப் படத்துக்குத் திரும்பிப் போய்ச் சரிபாருங்கள்.

பிறகு, இது முக்கியம், எல்லா ஜீன் வரிசைகளையும் ஒன்றாக ஒட்டும் முன் ஜீனுக்கு ஒரு மரம் வரையுங்கள். ஒரு ஐசோலேட் டி.இ.எஃப் மரத்தில் ராபர்ட்சியையோடும் ட்யூபுலின் மரத்தில் புருன்னியத்தோடும் வலுவான ஆதரவோடு உட்கார்ந்தால் ஒட்டக் கூடாது. முதல் சந்தேகம் குழாய் மாறியது, இரண்டாவது கலப்பு வளர்ப்பு. இரண்டையும் மறுபடி டி.என்.ஏ எடுத்து விலக்கிய பிறகுதான் மரபுக் கலப்பு என்று பேசலாம். சிற்றின எல்லை என்று நாம் சொல்வது, பல ஜீன்களின் மரங்கள் ஒரே இடத்தில் உடன்படும் கோடு. ஒரு ஜீன் மட்டும் காட்டும் பிரிவு அந்த ஜீனின் வரலாறாக மட்டும் இருக்கலாம்.

உடன்பட்டால் ஒட்டுங்கள். டி.இ.எஃப்பைப் புரதத்தின் மூன்று எழுத்து நிலைகள், இன்ட்ரான் என நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பரிணாமக் கணக்கு மாதிரியை மரம் வரையும் மென்பொருளான ஐ.க்யூ-ட்ரீயே தேர்ந்தெடுக்கட்டும். கிளை எவ்வளவு உறுதி என்று அளக்க அல்ட்ராஃபாஸ்ட் பூட்ஸ்ட்ராப் 1,000, கூடவே எஸ்.எச்-ஏ.எல்.ஆர்.டி 1,000. இதில் முறையே 95-ம் 80-ம் தாண்டிய கிளையை நம்பலாம். பழைய முறை பூட்ஸ்ட்ராப்பில் 70 போதும். இந்த இரண்டு அளவையும் குழப்பி, அல்ட்ராஃபாஸ்டில் 75 வந்ததை வலுவானது என்று எழுதுவது நிறையக் கண்ணில் படுகிறது. அது வலுவில்லை.

வெளிக்குழுவாக (மரத்தின் வேரைக் காட்டச் சேர்க்கும் சற்றுத் தள்ளிய உறவு) பச்சைக்கு மெட்டாரைசியம் ஃப்ளேவோவிரிடே, வெள்ளைக்கு கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ். ரொம்பத் தூரத்து உறவை வைத்தால் இன்ட்ரான் பொருந்தாது.

வெள்ளைக்கு ஒரு எச்சரிக்கை. பியூவேரியா பாஸியானாவும் சூடோபாஸியானாவும் நுண்ணோக்கியில் ஒன்றேதான், ஐ.டி.எஸ்ஸில் சில எழுத்துகள் மட்டும் வேறு. 2005-ல் ரேனரும் பக்லியும் பாஸியானா என்ற பெயரில் இரண்டு தொலைவான கிளைகள் ஒளிந்திருப்பதைக் காட்டினார்கள். அதில் ஒன்றுக்குத்தான் 2011-ல் சூடோபாஸியானா என்று பெயர் வந்தது. உங்கள் மூன்றும் ஒரே கிளையில் வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

---

எருக்குழி

தலைப்புக்கு வெளியே போகவில்லை என்று நினைக்கிறேன். பயிர்ப் பாதுகாப்பில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு 'பெயர் மாறினால் என்ன, புழு செத்தால் போதாதா' என்று கேட்பார்கள். பாதி நியாயம்தான். சிற்றினப் பெயர் கொல்லும் வீரியத்தைச் சொல்லாது. ஒரே ராபர்ட்சியைக்குள் இரண்டு ரகங்களுக்கு இடையே வீரியம் பல மடங்கு வேறுபடும். அதற்குப் புழுவை வைத்துச் சோதித்தே ஆக வேண்டும்.

மறுபாதியில் பெயர் மிகவும் கணக்கில் வருகிறது. அக்ரிடம் வெட்டுக்கிளி வகைகளுக்கு மட்டும்தான். அதைப் பழைய கணக்கில் அனிசோப்ளியே என்று நினைத்து வண்டுப் புழுவுக்குப் போட்டால் வீண். இன்னொன்று, கனடாவின் ஒன்டாரியோவில் மெட்டாரைசியம் ஐசோலேட்டுகளை மரபுக் குழுக்களாகப் பிரித்தபோது அவை எந்தப் பூச்சியில் இருந்தன என்பதோடு பொருந்தவில்லை. எந்த நிலத்தில் இருந்தன என்பதோடு பொருந்தின. ஒரு குழு வயல்வெளி, ஒரு குழு காடு. பிற்பாடு அவையே ராபர்ட்சியை, புருன்னியம் என்று தெரிந்தன. ராபர்ட்சியை புல்வேர்களோடு சேர்ந்தும் காணப்பட்டது. மண்ணில் போட்டது தங்குமா என்று கேட்கும்போது இந்த வேறுபாடு நேரடியாக உதவும்.

இங்கே கடைகளில் வரும் 1.15 சதப் பூஞ்சைத் தூள்களில் இன்னும் வெர்டிசிலியம் லெகானி என்றுதான் அச்சிட்டிருக்கிறது. பதிவு அந்தப் பெயரில் இருப்பதால் அப்படி. அதனால் பொருள் போலி என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனிசோப்ளியே எஃப்-52 என்று பதிவான ரகமும் பின்னால் புருன்னியம் என்று தெரிந்ததுதான். நீங்கள் அறிக்கை எழுதும்போது புதுப் பெயரை எழுதி, பக்கத்தில் பழைய பெயரையும் ரக எண்ணையும் எழுதுங்கள். ரக எண் மட்டும்தான் மாறாது.

மூக்குவண்டின் பட்டுப்புழு ஐசோலேட் பாஸியானா என்று உறுதியானால் அதைத் தெளிப்புக்குப் பெருக்க வேண்டாம். புழுவைச் சுண்ணாம்புக்கட்டிபோல் இறுக வைக்கும் நோய் அதுவேதான். அகோஸ்தினோ பாஸி 1835-ல் இத்தாலியில் நிரூபித்ததும் அதைத்தான், பூஞ்சையின் பெயரிலேயே அவர் இருக்கிறார். மல்பெரித் தோட்டத்துக்கும் புழு வளர்ப்பு மனைக்கும் அருகில் எந்த பாஸியானா ரகமும் ஆகாது.

---

மூக்குவண்டு

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஒரு கேள்வி மிச்சம். தெளித்த ரகம்தான் ஆறு மாதம் கழித்து எருக்குழியில் திரும்பக் கிடைத்தது என்று காட்ட இதே டி.இ.எஃப் வரிசை போதுமா? பிறகு, ஐந்து பச்சையில் ஏதாவது ஒன்று எந்தக் கிளையிலும் வலுவாகச் சேராமல் நின்றால் என்ன எழுதுவது?

---

கிளைநுனி

முதல் கேள்விக்குப் போதாது. டி.இ.எஃப் சிற்றினம் வரை சொல்லும். அந்தக் குழியில் முன்பே இருந்த அதே சிற்றினத்தின் வேறு ரகத்திலிருந்து பிரித்துக் காட்டாது. அதற்கு மைக்ரோசாட்டிலைட் குறிகள் (திரும்பத் திரும்ப வரும், ரகத்துக்கு ரகம் நீளம் மாறும் சிறு டி.என்.ஏ பகுதிகள்) வேண்டும், மெட்டாரைசியத்துக்கும் பியூவேரியாவுக்கும் வெளியாகியுள்ளன. கையில் பணம் இருந்தால் முழு மரபணுத் தொகுதி. எதுவானாலும் தெளிக்கும் முன்பே அந்தக் குழியின் மண்ணிலிருந்து ஐசோலேட் எடுத்து வைத்திருந்தால்தான் ஒப்பீடு நிற்கும். இப்போதே எடுத்து வையுங்கள்.

இரண்டாவதற்கு: முதலில் ஆர்.பி.பி-1, ஆர்.பி.பி-2 சேர்த்துப் பாருங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால் வலிந்து பெயர் வைக்க வேண்டாம். 'மெட்டாரைசியம் அனிசோப்ளியே தொகுப்பு, சிற்றினம் தீர்மானிக்கப்படவில்லை' என்று எழுதி, ஐசோலேட் எண்ணையும் எல்லா ஜீன்களின் ஜென்பேங்க் (பொது வரிசைத் தரவுத்தளம்) எண்களையும் கொடுங்கள். வளர்ப்பை 15 சத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் மூன்று குழாயாக வையுங்கள், ஒரு குழாய் பொதுச் சேமிப்பு ஒன்றுக்குப் போகட்டும். ஐந்தாறு வருடம் கழித்து வேறொருவர் அதே கிளையில் இன்னும் நான்கு ஐசோலேட்டுகளைக் கண்டுபிடிப்பார். அப்போது உங்கள் குழாயில் உயிர் இருக்க வேண்டும்.